குறிப்பேடு தலைக்குள் இருத்தலாகாது

சென்ற இதழில் வங்கிக் கணக்குகளுக்கு வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்வது குறித்து எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "எப்போதும் பெரியவர்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, மென்பொருள் தொழில் செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஏதேனும் எழுதலாகாதா?" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம்மை மடக்கினார். கேள்வி நியாயமானதே. புனேயில் நம் சங்கத்துக் குடும்பங்களில் கணினித் தொழிலில் ஒருவரேனும் இல்லாத வீட்டைத் தேடித்தான் காணவேண்டும். அப்பிள்ளைகளுள் சிலர் பெரிய கம்பெனி உத்தியோகத்தை விட்டு, நான்கைந்து பேராய்க் கூடிச் சிறு நிறுவனங்கள் நடத்துகிறார்கள். அத்தகைய சிறு குழு, தன் வேலைகளைக் குறித்து வைத்துக்கொள்ள எந்த மென்பொருளைத் தேர்ந்துகொள்வது என்பதையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். இது கணினிக்காரர் சங்கதி என்று பெரியோர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. வீட்டுக்கும் இதற்கும் உள்ள உறவை, இனி நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சி தெரிவிக்கும்.

நம் சங்கத்து இளைஞர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், ஐவர் கொண்ட ஒரு குழுவுக்கு மூத்தவராக இருக்கிறார். ஐவருள் இருவர் தமிழர், மூவர் மராட்டியர். மருந்துக் கடைகளுக்கு இருப்புக் கணக்கும் விற்பனைச் சீட்டும் போட்டுத் தரும் மென்பொருளைச் செய்து விற்கிறார்கள். 2023-ம் ஆண்டு மழைக்காலத்தில் ஊரில் அவருடைய தந்தையார் மயங்கி விழுந்தார். செய்தி வந்ததும் இவர் நாகர்கோவில் வண்டியைப் பிடித்தார். தௌண்ட் தாண்டுவதற்குள் முதல் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. எந்தக் கடைக்காரர் சீட்டின் அமைப்பை மாற்றக் கேட்டிருந்தார்? காலாவதித் தேதி தவறாகக் காட்டுகிறது என்ற புகார் தீர்ந்ததா, தீரவில்லையா? நாசிக்கில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொன்னது என்ன? ஷோலாப்பூர் வருவதற்குள் ஆறு அழைப்புகள். ஒன்றரை நாள் பயணம் முழுவதும் இதே கதை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தந்தையார் கண் விழித்தபோது கேட்ட முதற்கேள்வி, "அவன் இன்னும் வரவில்லையா?" என்பது. மகன் பத்தடி தொலைவில், கதவுக்கு வெளியே, தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபின் அவர் நம்மிடம் சொன்னார்: "அண்ணாச்சி, நான் மட்டும் ஊருக்குப் போகவில்லை. வேலை முழுவதும் என் தலைக்குள் இருந்ததால் அதுவும் என்னோடு ஊருக்கு வந்துவிட்டது."

அவருடைய தோழர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் நல்ல பிள்ளைகள், நண்பனுடைய துன்பம் தெரிந்தவர்கள். ஆயினும் கேளாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைக்காரர்கள் சொன்னவற்றில் ஒரு பகுதி வாட்ஸப்பில் குரற்செய்தியாகக் கிடந்தது. ஒரு பகுதி எக்ஸெல் தாளில், மூன்று மாதங்களுக்கு முன்பு யாரோ நிரப்பியதோடு நின்றிருந்தது. எஞ்சியதெல்லாம் மூத்தவரின் நினைவில். ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து பிழைக்கும் நமக்கு, எப்போது வேண்டுமானாலும் ஊரிலிருந்து அழைப்பு வரலாம். அன்று ஒருவன் கையை வீசிக்கொண்டு வண்டி ஏற முடியுமா என்பதை வைத்தே இந்த மென்பொருள்களை எடைபோட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இவை எப்படிப்பட்டவை என்பதை இத்தொழில் அறியாத நேயர்களுக்குச் சொல்லிவிடுவோம். பால் கணக்கைக் காலண்டர் தாளில் குறிக்கிறோம். மளிகைக் கடையில் பற்று நோட்டு இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் நோட்டு இருக்கிறது. அவ்வாறே மென்பொருள் செய்வோருக்கும் ஒரு நோட்டு வேண்டும். அதில் எழுதப்படும் ஒவ்வொரு வேலையையும் அவர்கள் டிக்கெட் என்றும் இஷ்யூ என்றும் சொல்லுகிறார்கள். டிக்கெட்டுக்கு ஓர் எண் உண்டு. என்ன செய்யவேண்டும், யார் செய்கிறார், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்கும். 1998-ம் ஆண்டில் மொஸில்லா திட்டத்தினர் பக்ஸில்லா என்ற பெயரில் அத்தகைய நோட்டு ஒன்றைப் பொதுவில் வைத்தார்கள். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து ஒரே மென்பொருளைத் திருத்தும்போது, எழுத்தில் இல்லாதது இல்லாததாகவே போய்விடும் அன்றோ? 2002-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து அட்லாஸியன் நிறுவனம் ஜிரா என்பதை வெளியிட்டது. அந்தப் பெயரின் பிறப்பு வேடிக்கையானது. அவர்கள் அதுவரை பக்ஸில்லாவை வைத்திருந்தார்கள். காட்ஸில்லா என்ற சினிமாப் பூதத்துக்கு ஜப்பானியப் பெயர் கோஜிரா. அதன் வாலைப் பிடித்து ஜிரா என்று வைத்துவிட்டார்கள். நம் வீட்டுச் சீரகத்தோடு அதற்கு உறவொன்றும் இல்லை.

நம் இளைஞர் கதைக்கு வருவோம். ஊரிலிருந்து திரும்பிய சூட்டோடு, பெரிய கம்பெனிகள் கையாளும் கருவி ஒன்றைக் குழுவினர் வாங்கினார்கள். வாங்கியதோடு நில்லாமல், முன்பு உத்தியோகம் பார்த்த இடத்தில் கண்ட சடங்குகளையெல்லாம் அதில் ஏற்றினார்கள். ஒரு டிக்கெட் எழுத 14 கட்டங்களை நிரப்பவேண்டும். ஒரு வேலை தொடக்கத்திலிருந்து முடிவு வரை 9 நிலைகளைக் கடக்கவேண்டும். அவற்றுள் மூன்று நிலைகளுக்கு ஒருவர் ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் தரவேண்டியவரும், கேட்பவரும், அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தார்கள்! மூன்று வாரங்களில் எல்லோரும் வாட்ஸப்புக்கே திரும்பிவிட்டார்கள். இதில் கருவியின் மேல் குற்றமில்லை. ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுக்கு ஐந்நூறு பேர் சாப்பிடும் சத்திரத்து அண்டாவை வாங்கி வந்தால், அடுப்பில் ஏற்றவே ஆள் போதாது.

ஆகையால், எதைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது எழுதும் எளிமையையே. கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அரை நிமிடத்தில் ஒரு டிக்கெட்டைப் போட முடிகிறதா? கைத்தொலைபேசியிலிருந்து போட முடிகிறதா? முடியாதெனில், வேறு சிறப்புகள் நூறு இருந்தும் பயனில்லை. கட்டாயமாக நிரப்பவேண்டியவை தலைப்பும் ஒருவர் பெயரும் என்று இரண்டோடு நிற்கட்டும்.

ஒருவர் பெயர் என்றோம். இதில் நமக்கே அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழாக் குழுவில் அரங்கு முன்பதிவை "செயலாளரும் பொருளாளரும் கவனிப்பர்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். செயலாளர் பொருளாளரை நம்பினார், பொருளாளர் செயலாளரை நம்பினார். இந்த வரிகளை எழுதுபவரே அன்று அவ்விருவருள் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விசாரித்தால், அரங்கு ஒரு திருமண வீட்டாருக்குப் போய்விட்டிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு விழாவை முடித்தோம். அன்று பெய்யாத மழைக்கு இன்றும் நன்றி செலுத்துகிறோம். டிக்கெட்டில் உதவுவோர் பலர் இருக்கலாம், பொறுப்பாளி ஒருவராகவே இருக்கவேண்டும். கருவிகளுள் சில ஒரு வேலைக்குப் பல பெயர்களை ஏற்கும். ஏற்றாலும், குழு தனக்குள் ஒரு பெயர் என்றே கட்டுப்பாடு செய்துகொள்வது நன்று.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியையும் இங்கே தொட்டாகவேண்டும். நம் இளைஞரும் மற்றொரு தமிழ்த் தோழரும் தொடக்கத்தில் தங்களுக்குள்ளான குறிப்புகளைத் தமிழில் எழுதினார்கள். நமக்கு அது இனிப்பாகவே இருந்தது. ஆனால் மராட்டியத் தோழர்கள் மூவரும் அக்குறிப்புகளைப் படிக்க முடியாமல் வெளியே நின்றார்கள், மனத்தாங்கலும் வந்தது. நாம் பிறர் ஊரில் இருக்கிறோம். பொதுவான நோட்டில் ஐவரும் படிக்கும் மொழியில் எழுதுவதே முறை. கடைக்காரர் சொன்ன புகாரை மட்டும் அவர் சொன்ன மராட்டியிலோ இந்தியிலோ அப்படியே ஒரு வரி சேர்த்துவிட்டால், மொழிபெயர்ப்பில் பொருள் தப்பிப்போவதும் குறையும்.

நிலைகள் எத்தனை வேண்டும்? செய்யவேண்டியது, செய்துகொண்டிருப்பது, சரிபார்க்கவேண்டியது, முடிந்தது என்று நான்கு போதும். இப்படிப் பத்தி பத்தியாக அட்டைகளை நகர்த்தும் பலகையைக் கான்பான் போர்டு என்கிறார்கள். கான்பான் என்பது ஜப்பானியச் சொல், அறிவிப்புப் பலகை என்பது பொருள். டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் வளர்த்த முறை அது. பிந்தின இடத்திலிருந்து தேவை என்ற சீட்டு வராமல் முந்தின இடத்தில் பொருளைச் செய்து குவிக்கலாகாது என்பது அதன் உயிர்நிலை. மென்பொருட்காரர்கள் பலகையை எடுத்துக்கொண்டார்கள். குவிக்கலாகாது என்பதைப் பலர் எடுத்துக்கொள்ளவில்லை! 1961-ம் ஆண்டில் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் நிறுவிய கணக்கு ஒன்று உண்டு. நடை சீராக இருக்குமானால், கையில் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்குச் சராசரியாக ஆகும் வாரங்கள் கிடைக்கும். தொடங்கி முடியாதவை 30 இருந்து, வாரம் 5 முடிந்தால், ஒவ்வொன்றுக்கும் சராசரி 6 வாரம். கையிலுள்ளதை 10-ஆகக் குறைத்து, அதே வேகத்தில் முடித்தால் 2 வாரம். ஆளைக் கூட்டாமல், இரவில் விழிக்காமல், தொடங்குவதைக் குறைத்தாலே கடைக்காரருக்கு விரைவில் விடை சொல்லலாம். ஆகவே, செய்துகொண்டிருப்பது என்ற பத்தியில் இத்தனைக்கு மேல் கூடாது என்று வரம்பு காட்டக்கூடிய கருவி நல்லது. அவ்வசதி இல்லையெனில் பத்தியின் தலைப்பிலேயே அந்த எண்ணை எழுதிவைத்தாலும் காரியம் நடக்கும்.

இனிப் பெயர் சொல்லிக் கேட்போருக்கு நம் கருத்து. குழுவின் நிரல்கள் கிட்ஹப்பில் இருக்குமாயின், அங்கேயே உள்ள இஷ்யூஸ் பகுதியில் தொடங்குவது உத்தமம். காரணம் எளிது. வேலை நடக்கும் இடத்திலேயே நோட்டும் இருக்கிறது. நிரலில் செய்த திருத்தத்தைச் சேர்க்கும்போது "ஃபிக்ஸஸ்" என்று எழுதி டிக்கெட் எண்ணையும் குறித்துவிட்டால், திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்தவுடன் அந்த டிக்கெட் தானே மூடிக்கொள்ளும். பின்னொரு நாள் இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று ஐயம் வந்தால், எண்ணைப் பிடித்துக்கொண்டு காரணத்தைக் கண்டுவிடலாம். நிரல் எழுதாதவர்களும் குழுவில் இருந்து, அவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றினால், ட்ரெல்லோ போன்ற அட்டைப் பலகை பழகுவதற்கு எளிது. 2011-ல் வந்தது, 2017-ல் அதையும் அட்லாஸியனே வாங்கிவிட்டது. ஜிராவின் வலிமை, பல குழுக்கள் சேர்ந்து உழைக்குமிடத்திலும், யார் எப்போது ஒப்புதல் தந்தார் என்று தணிக்கைக்குக் காட்டவேண்டிய இடத்திலும் தெரியும். இதை எழுதும்போது அதில் பத்துப் பேர் வரை இலவசம். பதினோராவது ஆள் சேர்ந்தால் கட்டணம் அந்த ஒருவருக்கு மட்டும் அன்று, பதினொருவருக்கும் சேர்த்தே என்பதை முன்னரே கணக்கில் கொள்க. ஜோஹோவின் ப்ராஜெக்ட்ஸையும் ஸ்பிரிண்ட்ஸையும் கேட்கிறவர்கள் நம்மிடையே அதிகம். தென்காசிப் பக்கத்தில் அலுவலகம் வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை தரும் நிறுவனம் என்பதில் நமக்கும் பெருமையே. பெருமைக்காக வாங்க வேண்டா, மற்றவற்றோடு ஒரே தராசில் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

எவருக்கும் கட்டணம் தராமல் சொந்தமாக வைத்துக்கொள்ள ரெட்மைன் இருக்கிறது. 2006 முதல் வழங்கும் கட்டற்ற மென்பொருள். ஆனால் சொந்த வீடு கட்டியவனுக்குத்தான் ஓடு மாற்றும் வேலையும் தெரியும். அதை நிறுவவும், புதுப்பிக்கவும், நாள்தோறும் நகல் எடுக்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஊருக்குப் போயிருக்கும்போது சர்வர் நின்றால் என்ன செய்வது? தலைக்குள் இருந்ததை இறக்கிவைக்கப் போய், வேறொருவர் தலையில் ஏற்றிய கதையாக முடிந்துவிடக் கூடாது.

குடிபுகும்போதே வெளியேறும் வாசலையும் பார்த்துவைக்க வேண்டும். வாடகை வீட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பிவோட்டல் டிராக்கர் என்ற கருவியைப் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் விரும்பிக் கையாண்டன. 2025 ஏப்ரல் 30 அன்று அது மூடப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்தே மூடினார்கள் என்றாலும், பழகிய வீட்டைக் காலிசெய்யும் பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஜிராவைத் தம் அலுவலகத்துக் கணினியிலேயே நிறுவி நடத்திவந்தோர்க்கான சர்வர் வகைக்கும் 2024 பிப்ரவரி 15-ல் ஆதரவு நின்றுவிட்டது. ஆகவே, பணம் கட்டுமுன் பத்து டிக்கெட்டுகளை எழுதி, இரண்டு படங்களை இணைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.வி. கோப்பாக வருகிறதா? கருத்துரைகளும் வருகின்றனவா? படங்கள் உண்மையாகவே வருகின்றனவா, அல்லது அவற்றின் இணைய முகவரி மட்டும் வருகிறதா? ட்ரெல்லோவில் ஜேஸன் கோப்பாக எவரும் எடுக்கலாம், சி.எஸ்.வி. கட்டணம் தருவோர்க்கே. கிட்ஹப்பில் ஏ.பி.ஐ. வழியாக எடுக்கலாம். நிரல் எழுதுவோர்க்கு அது ஒரு பிற்பகல் வேலை. மாதம் ஒருமுறை இப்படி எடுத்து வேறிடத்தில் வைப்பதையே ஒரு டிக்கெட்டாகப் போட்டு, ஒருவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.

மற்றொன்று, முதலாளிகளாகிவிட்ட நம் பிள்ளைகளுக்கே சொல்லவேண்டியது. இக்கருவிகள், யார் எத்தனை டிக்கெட்டுகளை முடித்தார் என்று நொடியில் பட்டியல் போட்டுத் தரும். அப்பட்டியலைக் கண்டதும் ஆளை நிறுக்கலாம் என்ற ஆசை எழும். நம் சங்கத்துப் பெண்மணி ஒருவர் முன்பு பணியாற்றிய அலுவலகத்தில் அவ்வாறே செய்தார்கள். வரிக் கணக்கில் எப்போதோ ஒருமுறை ஒரு ரூபாய் பிசகும் பிழையை அவர் இரண்டு வாரம் தேடிக் கண்டுபிடித்துத் தீர்த்தார். பட்டியலில் அவருக்கு ஒன்று. பொத்தானின் நிறத்தை மாற்றுவது, எழுத்துப் பிழையைத் திருத்துவது என்று சில்லறை வேலைகளைப் பொறுக்கி எடுத்தவருக்குப் பதினேழு. ஆண்டு முடிவில் ஊதிய உயர்வு எவருக்கு என்று சொல்லவேண்டுமா? அதன்பின் அவ்வலுவலகத்தில் ஒரே வேலையை ஐந்து டிக்கெட்டாகக் கிழித்துப் போடும் கலை வளர்ந்ததாம், கடினமான டிக்கெட்டுகள் தீண்டுவாரின்றிக் கிடந்தனவாம். அவர் வேறிடம் போய்விட்டார். நோட்டைக் கொண்டு ஆளை அளக்கிறார்கள் என்று தெரிந்த நாள்முதல், அதில் எவரும் உண்மையை எழுதமாட்டார்கள். "இது எனக்குப் புரியவில்லை", "நான் செய்தது தவறாகிவிட்டது" என்ற வரிகளே குழுவுக்கு மிகவும் வேண்டியவை. முதலில் மறைந்துபோவனவும் அவையே.

தேர்வு முடிந்தபின் ஒரு சோதனை. இரண்டு வாரம் பழகுங்கள். அதன்பின், ஊரிலிருந்து செய்தி வரும்வரை காத்திராமல், மூத்தவர் மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொள்ளட்டும், தொலைபேசியையும் அணைத்துவிடட்டும். கணேச சதுர்த்திக்கு இந்நகரமே அசையாதிருக்கும்போது வைத்துக்கொண்டால் வியாபாரத்துக்கும் நட்டமில்லை. அம்மூன்று நாளில் மற்றவர்கள் எந்தெந்த இடத்தில் திகைத்தார்கள் என்பதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். நம் இளைஞர் குழு இதைச் செய்தபோது பதினோரு இடங்களில் திகைப்பு வந்தது. அவற்றுள் ஏழு, டிக்கெட்டில் "பழைய முறைப்படி செய்க" என்று எழுதியிருந்ததால் வந்தவை. பழைய முறை எது என்பது ஒருவருக்கே தெரியும்! நாலு கடவுச்சொற்களும் அவர் ஒருவரிடமே இருந்தன. டிக்கெட்டில் கடவுச்சொல்லை எழுதுவது ஆபத்து. அதற்கென்றுள்ள பெட்டகத்தில் இட்டு, இருவருக்கேனும் திறக்க உரிமை தரவேண்டும். அப்படியே செய்தார்கள்.

அவர்கள் இறுதியில் எடுத்துக்கொண்டது கிட்ஹப் இஷ்யூஸும், நான்கு பத்திப் பலகையும். கடைக்காரர்களின் குரற்செய்திகளைக் காலை பத்து மணிக்கு ஒருவர் முறைவைத்துக் கேட்டு டிக்கெட்டாக எழுதிவிடுகிறார். வாட்ஸப்பை நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் முயலவில்லை.

தந்தையார் தேறிவிட்டார், கைத்தடியோடு நடக்கிறார். சென்ற சித்திரையில் மருத்துவரிடம் மீண்டும் காட்டுவதற்காக மகன் பத்து நாள் ஊருக்குப் போய்வந்தார். அந்தப் பத்து நாளில் புனேயிலிருந்து அவருக்கு வந்த அழைப்புகள் இரண்டு. ஒன்று, தந்தையார் நலம் எப்படி என்று கேட்டது. மற்றொன்று, திரும்பும்போது அல்வா எத்தனை கிலோ கொண்டுவரவேண்டும் என்பதைக் குறித்து மராட்டியத் தோழர்கள் டிக்கெட் ஒன்று போட்டிருப்பதாகவும், பொறுப்பாளி என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதியிருப்பதாகவும் தெரிவித்தது.